செட் மாத்திரையும் எஸ்ஜிபிடியும்

8 செப்டம்பர் 2025, திங்கள்

சாயங்காலம் கேஷுவால்டியிலிருந்து எங்கள் லேபுக்கு மூன்று டியூப் வந்தது. சிவப்பு மூடி, ஊதா மூடி, நீல மூடி. பெண், வயது 26. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. வீடு திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கிராமம். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு கம்பெனி பஸ்ஸில் திரும்புகிற கூட்டத்தில் ஒருத்தி. சீட்டில் டூட்டி டாக்டர் “வாந்தி, மேல் வயிற்று வலி, காய்ச்சல்?” என்று எழுதியிருந்தார். பார்க்கச் சொன்னவை: டெங்கு, டைஃபாய்டுக்கு வைடால், கல்லீரலுக்கு எல்எஃப்டி, ரத்தம் உறைகிற நேரத்துக்கு ஐஎன்ஆர். செப்டம்பர் மாதம் யார் வாந்தி என்று வந்தாலும் முதலில் டெங்கு பார்ப்பது இங்கே வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டெங்கு இல்லை. பிலிருபின் 1.0. கல்லீரல் என்சைம் எஸ்ஜிபிடி 118. ஐஎன்ஆர் 1.4.

118 யாரையும் உலுக்குகிற எண் அல்ல. 40 வரை நார்மல் என்று அச்சடித்துக் கொடுக்கிறோம். கொழுப்புக் கல்லீரல்காரர்களிடம் இந்த மாதிரி எண்ணைத் தினமும் பார்க்கிறேன். 1.4 தான் உறுத்தியது. பிலிருபின் ஏறாமல், எஸ்ஜிபிடி கொஞ்சம்போல் ஏறி, ரத்தம் உறைகிற நேரம் மட்டும் எதற்கு நீள வேண்டும்? முதலில் டியூப்பைச் சந்தேகப்பட்டேன். நீல மூடி டியூப்பில் கோடு வரைக்கும் ரத்தம் ஏறாவிட்டால் சிட்ரேட் அதிகமாகி ஐஎன்ஆர் பொய்யாகக் கூடும். கோடு வரை சரியாக இருந்தது. திரும்பவும் ஓட்டினேன். அதே 1.4.

மேலே போன் பண்ணினேன். டூட்டி டாக்டர் சின்னப் பையன், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். “வைரல் ஹெபடைடிஸ் ஆரம்பமா இருக்கும்னு நெனச்சேன்க்கா” என்றார். “மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாங்களான்னு கேட்டீங்களா சார்?” என்றேன். கேட்டாராம். “பல்வலிக்கு ஏதோ போட்டேன்” என்று சொன்னாளாம்.

அந்த “ஏதோ” என்னவென்று தெரிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் தம்பி பையைக் கொட்டினான். மடித்த பேப்பர் பொட்டலங்கள் இரண்டு, உள்ளே வெட்டின அட்டைத் துண்டுகள், உதிரி மாத்திரைகள். செட் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் போய் “பல்வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணா” என்றால் கிடைப்பது. துண்டுகளில் பேர் பாதி, அளவு பாதி. தம்பி பைக்கில் அந்தக் கடைக்கே போய் முழு அட்டைகளை போட்டோ எடுத்து வந்தான்.

ஒன்று 650 மி.கி. பாராசிட்டமால். இன்னொன்று அசிக்ளோஃபினாக்கோடு பாராசிட்டமால் சேர்ந்தது. மூன்றாவது சளி மாத்திரை, அதிலும் பாராசிட்டமால். இது போக, கம்பெனியில் பக்கத்து மெஷின்காரி கொடுத்த 650 தனி. வெள்ளிக்கிழமையிலிருந்து வலிக்கும்போதெல்லாம் போட்டிருக்கிறாள். பல்வலியில் சாப்பாடு இறங்கவில்லை, டீயும் மாத்திரையும்தான். எடை 41 கிலோ. பெரிய டாக்டர் வந்து, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம் என்ற வரம்பை வைத்துக் கணக்குப் போட்டார். இந்த எடைக்கு வரம்பு அதற்கும் கீழே. எல்லா நாளும் தாண்டியிருந்தது.

“மருந்த இப்பவே ஆரம்பிச்சிருங்க” என்றார். பாராசிட்டமாலுக்கு முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டைன். முதல் பாட்டில் ஏறும்போது ராத்திரி ஒன்பது இருக்கும்.

9 செப்டம்பர், செவ்வாய்

காலை சாம்பிளை வைத்ததும் மெஷின் எண்ணே தரவில்லை, எச்சரிக்கைக் கொடி காட்டியது. இதை எழுதி வைக்கிறேன், புதிதாக லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

எஸ்ஜிபிடியை நாங்கள் நேராக எண்ணுவதில்லை. ரீஏஜென்டில் என்ஏடிஎச் என்ற பொருள் இருக்கிறது. அது 340 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். சீரத்தில் இருக்கிற என்சைம் வேலை செய்யச் செய்ய என்ஏடிஎச் கரையும், விழுங்குவது குறையும். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்துதான் எண் வருகிறது. என்சைம் மிதமிஞ்சி இருந்தால், மெஷின் அளக்கத் தொடங்கும் முன்பே என்ஏடிஎச் முழுக்கத் தீர்ந்துபோகும். பிறகு குறைய ஒன்றுமில்லை, கோடு படுத்துவிடும். கொடியைக் கவனிக்காதவர் “எஸ்ஜிபிடி 30, நார்மல்” என்று எழுதிவிட முடியும். ஆயிரக்கணக்கில் இருக்கிற நோயாளிக்கு நார்மல் ரிப்போர்ட் போய்ச் சேருகிற வழி இது ஒன்று.

சலைனில் பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி ஓட்டினேன். பத்தால் பெருக்கினால் 1,840. ஐஎன்ஆர் 2.1.

மத்தியானம் மேலே போனபோது அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். வாந்தி நின்றிருந்தது. “நேத்தைக்கு இன்னிக்கி பரவால்லக்கா” என்றாள். அவள் அம்மா, “தெளிஞ்சிட்டா பாருங்க, வூட்டுக்கு அனுப்பிருவாங்களா?” என்று கேட்டார். முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். இந்த நோய் அப்படி ஒரு இடைவெளி கொடுக்கும். முதல் நாள் குமட்டல், வாந்தி. அடுத்த நாள் ஆள் கொஞ்சம் தெளிவு. அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் செல்கள் சாகின்றன. மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள், உளறல், ரத்தக் கசிவு. ஒரே மூச்சில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த வரிசை தெளிவாக இருக்கும். இவளை மாதிரி நாள் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு எங்கே தொடங்கியது என்றே சொல்ல முடியாது.

அளவோடு சாப்பிட்டால் பாராசிட்டமால் விஷம் அல்ல. அதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சாதுவாகக் கட்டி வெளியே அனுப்பிவிடும். சிறு பங்கு மட்டும் என்ஏபிக்யூஐ என்ற கடுமையான பொருளாக மாறும். அதைக் கையோடு பிடித்து அடக்க குளுடாதயோன் இருக்கிறது. மாத்திரை அளவு மீறும்போது அந்தப் பங்கு கூடி, குளுடாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகும். அதற்கப்புறம் அந்தப் பொருள் செல்லின் புரதங்களிலேயே போய் ஒட்டுகிறது, மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது. 1973-இல் அமெரிக்காவில் மிட்செல் குழுவினர் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார்கள். பட்டினி கிடப்பவருக்கு அந்தக் கையிருப்பு முன்கூட்டியே குறைந்திருக்கும். பல்வலியில் சோறு இறங்காத பெண்ணுக்கு இது இரட்டைச் சுமை. அசிட்டைல்சிஸ்டைன் செய்வது அந்தக் கையிருப்பைத் திரும்ப நிரப்புவது. எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் கல்லீரல் அநேகமாகத் தப்பிவிடும். தாமதமானாலும் பலன் உண்டு.

மருந்தில் கந்தகம் இருப்பதால் அழுகின முட்டை வாடை. நர்ஸ் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தோல் பதனிடுகிற ஊரில் வாழ்கிறவர்கள் இந்த வாடைக்கு மூக்கைப் பொத்தலாமா என்று கிண்டல் பண்ணினேன்.

10 செப்டம்பர், புதன்

விடியற்காலை ஐஎன்ஆர் 2.9. எஸ்ஜிபிடி 4,300-ஐத் தாண்டியது. பெரிய டாக்டர் காத்திருக்கவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பிவிட்டார். வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா வழி. கல்லீரல் வேலை நின்றுபோனால் எங்களிடம் செய்ய ஒன்றுமில்லை. ஐஎன்ஆர் இன்னும் ஏறின பிறகு அனுப்புவதும் அனுப்பாததும் ஒன்று.

போகும்போது அம்மா என்னிடம் கேட்டது: “பல்வலி மாத்திரைக்கு இப்படி ஆவுமா, பொண்ணே?”

இன்று உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். ஆஸ்பத்திரியில் சின்னக் கூட்டம். பெரிய டாக்டர் பேசினார். மருந்து அளவு மீறி வருகிறவர்கள் இரண்டு வகை. இவளைப் போலத் தெரியாமல் வருகிறவர்கள். மனம் உடைந்து வருகிறவர்கள். இரண்டாவது வகையினர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார்கள், ரத்தமும் நார்மல் காட்டும், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டார் அழைத்துப் போய்விடுவார்கள். மூன்றாம் நாள் திரும்பி வருவார்கள். “நார்மல் ரிப்போர்ட்டைக் கையில கொடுத்து அனுப்பாதீங்க. மணிக்கணக்கு கேளுங்க. எத்தனை மணிக்கு சாப்பிட்டாங்கன்னு தெரியாம எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது” என்றார்.

இந்த மாவட்டங்களில் நாங்கள் அதிகம் பயந்தது பாராசிட்டமாலுக்கு அல்ல, எலி பேஸ்ட்டுக்கு. மஞ்சள் பாஸ்பரஸ். அதற்கும் அதே கபட இடைவெளி, முறிமருந்தும் கிடையாது. வேலூர் சிஎம்சியின் கல்லீரல் பிரிவினர் பிளாஸ்மாவை மாற்றி ஏற்றும் சிகிச்சையில் பலரைக் காப்பாற்றி, கட்டுரைகளாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு அந்தப் பேஸ்ட்டுக்குத் தடையும் போட்டிருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முதல் காரணம் பாராசிட்டமால். நம் நாட்டில் மஞ்சள் காமாலை வைரஸ்களும் காசநோய் மருந்துகளும் முன்னால் நிற்கின்றன. அதனால்தான் நம் டாக்டர்களுக்குப் பாராசிட்டமால் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

கூட்டத்தில் கொடுத்த எண்களை லேப் கண்ணாடியில் ஒட்டினேன்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, சென்னை சினேகா 044-24640050. சினேகாவை டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கினார். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் எண்ணை வெளிப்படையாகக் குறித்துக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். கீழே சின்னச் சீட்டுகளாகக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி வைத்தேன். சாயங்காலத்துக்குள் சில சீட்டு குறைந்திருந்தது.

11 செப்டம்பர், வியாழன்

வேலை குறைவு. மழை வேறு. மதியம் உட்கார்ந்து படித்தேன்.

எஸ்ஜிபிடி சோதனை 1950-களின் கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் கார்மென், ருப்லெவ்ஸ்கி, லாடூ. இத்தாலியில் டி ரிட்டிஸ். எழுபது வருடமாக உலகமே இதை வைத்துத்தான் கல்லீரலைப் பார்க்கிறது. ஆனால் எஸ்ஜிபிடி செல்லுக்குள் இருக்கிற பொருள். செல் உடைந்தால்தான் ரத்தத்துக்கு வரும். சுவர் இடிந்த பிறகு தெருவில் விழுந்த செங்கலை எண்ணுகிற வேலை. இடியப் போகிறதா என்று அதனிடம் கேட்டால் பதில் இல்லை. நல்லவேளை, திங்கட்கிழமை அவளுக்கு இடிய ஆரம்பித்திருந்தது.

முன்கூட்டியே சொல்கிற பொருள் ஏதாவது உண்டா என்ற கேள்வியோடு எடின்பரோவிலும் லிவர்பூலிலும் பல வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். எடின்பரோவுக்கு இதில் பழைய பாத்தியதை. அதிக அளவு பாராசிட்டமால் மனிதக் கல்லீரலை அழிக்கிறது என்று முதலில் 1966-இல் எழுதினது அங்கிருந்த டேவிட்சனும் ஈஸ்ட்ஹாமும். 1970-களில் அசிட்டைல்சிஸ்டைனை நரம்பு வழியாகக் கொடுத்துக் காட்டினது அங்கேயே இருந்த பிரெஸ்காட்.

புதிய பொருள்களில் முதலில் நிற்பது எம்ஐஆர்-122. ரொம்பச் சின்ன ஆர்என்ஏ துண்டு. கல்லீரல் செல்லில் கொட்டிக் கிடக்கும், மற்ற உறுப்புகளில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். செல் நொந்துபோன ஆரம்பத்திலேயே ரத்தத்தில் கசியும். 2009-இல் எலிகளில் காட்டினார்கள், 2011-இல் மனிதர்களில். அடுத்து கெரட்டின்-18, செல்லின் சாரப் புரதம்; செல் எப்படிச் செத்தது என்பதைக்கூட அதன் உருவம் சொல்லும். முழுசாக வந்தால் உடைந்து செத்தது. வெட்டுப்பட்டு வந்தால் தானாகவே ஒடுங்கிச் செத்தது. எச்எம்ஜிபி1 உட்கருவிலிருந்து வருவது. ஜிஎல்டிஎச் மைட்டோகாண்ட்ரியாவின் என்சைம். இது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எஸ்ஜிபிடி மாதிரியே சாதாரண மெஷினில் ஓட்டக்கூடியது.

2013-இல் வந்த ஆய்வு ஒன்றில், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தில் எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தவர்களில் யாருக்குப் பிறகு கல்லீரல் கெடும் என்பதை எம்ஐஆர்-122, எச்எம்ஜிபி1, கெரட்டின்-18 மூன்றும் முன்கூட்டியே காட்டின. 2018-இல் ஜேம்ஸ் டியர் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதை மறுபடி சோதித்தார்கள். வந்தவுடன் எடுத்த ரத்தத்தில் இவை எஸ்ஜிபிடியை விடவும், ரத்தத்தில் உள்ள பாராசிட்டமால் அளவை விடவும் நன்றாகக் கணித்தன.

அப்படியானால் ஏன் எந்த லேபிலும் இல்லை? எம்ஐஆர்-122-க்கு பிசிஆர் வேண்டும். சாம்பிள் பிரித்து முடிவு எடுக்க மணிக்கணக்கு ஆகும். ரத்த அணுக்கள் கொஞ்சம் உடைந்தாலும் முடிவு ஆடலாம். ஆள் ஆளுக்கு இயல்பான அளவே பெரிய வித்தியாசம். கெரட்டின்-18-க்கு எலைசா, ஒரே ஒரு நோயாளிக்காக ஒரு தட்டு முழுக்க ஓட்ட முடியாது. கேஷுவால்டியில் படுத்திருக்கிறவருக்கு வேண்டியது ஒரு மணி நேரத்தில் பதில்.

என் கருத்தைச் சொன்னால், திருப்பத்தூருக்கு எம்ஐஆர்-122 வருகிற வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நமக்குக் குறைவது புதிய மார்க்கர் அல்ல. பாராசிட்டமால் அளவைப் பார்க்கிற பழைய டெஸ்ட்டே இங்கே பல இடத்தில் கிடையாது. 1975-இல் ரூமாக்கும் மாத்யூவும் வரைந்த படத்தை வைத்து, சாப்பிட்டு நாலு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் மருந்தளவைப் பார்த்து, முறிமருந்து வேண்டுமா என்று முடிவெடுக்கலாம். அதுவும் ஒரே தடவையில் சாப்பிட்டு, நேரம் சரியாகத் தெரிந்தால் மட்டும். நம் பெண்ணுக்கு அந்தப் படம் பொருந்தாது. நாள் கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் மருந்தே கண்ணில் படாமலும் போகலாம், கல்லீரல் போய்க்கொண்டும் இருக்கலாம்.

12 செப்டம்பர், வெள்ளி

ஈரத்தோல் மூட்டை தூக்குகிற ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்தார். வேறு லேபில் எடுத்தது. எஸ்ஜிஓடி 160, எஸ்ஜிபிடி 52. “கல்லீரல் போச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா” என்று ஆடிப்போயிருந்தார். தசை என்சைமான சிபிகே சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். அது எகிறியிருந்தது. எஸ்ஜிஓடி தசையிலிருந்தும் வரும். முந்தின நாள் லாரி இறக்கினவராம். ஓய்வெடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு

வேலூரிலிருந்து தம்பி போன் பண்ணினான். ஐஎன்ஆர் 3.6 வரை போய், சனிக்கிழமை 2.4, இன்று 1.8. கிரியாட்டினின் ஏறவில்லை. பேச்சு தெளிவு. கண்ணில் மஞ்சள் இருக்கிறதாம். “எஸ்ஜிபிடி இன்னும் ரெண்டாயிரத்துக்கு மேல இருக்குதுக்கா, பயமா இருக்குது” என்றான். பயப்படாதே, அது மெதுவாகத்தான் இறங்கும் என்றேன். எஸ்ஜிபிடி பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆகும்.

வீட்டார் எல்லாரும் எஸ்ஜிபிடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். பெரிய எண்ணாக இருப்பதால் இருக்கும். உயிரைச் சொல்வது ஐஎன்ஆர். உறைகாரணிகளைச் செய்வது கல்லீரல். அவற்றில் ஏழாம் காரணி ரத்தத்தில் சில மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் உற்பத்தியை நிறுத்தினால் அன்றைக்கே ஐஎன்ஆர் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி ஆரம்பித்தாலும் அப்படியே. எஸ்ஜிபிடி குறைவது நல்ல செய்தி என்று எப்போதும் சொல்ல முடியாது. உடைய இனி செல் மிச்சமில்லாமல் போனாலும் அது குறையும். இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் நிம்மதி. லண்டன் கிங்ஸ் காலேஜில் 1989-இல் வகுத்த அளவுகோலில் எஸ்ஜிபிடிக்கு இடமே இல்லை. ரத்தத்தின் அமிலத்தன்மை, உறைகிற நேரம், கிரியாட்டினின், மூளை மயக்கம். மாற்றுக் கல்லீரல் யாருக்கு வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

லேப்காரர்களுக்கு இரண்டு விஷயம். அசிட்டைல்சிஸ்டைன் ஏறிக்கொண்டிருக்கும்போது, கல்லீரல் நன்றாக இருந்தாலும் ஐஎன்ஆர் கொஞ்சம் கூடும், 1.3-ஐப் பார்த்து அலற வேண்டாம். அதே மருந்து யூரிக் அமிலம், டிரைகிளிசரைடு, என்சைம் முறைக் கிரியாட்டினின் போன்ற வண்ணச் சோதனைகளில் புகுந்து பொய்யாகக் குறைத்துக் காட்டும். மருந்து ஏறுகிறதா என்று சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

தம்பி போனை வைக்கும் முன் கேட்டான்: “கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கலாமான்னு பாட்டி கேக்குது.” இப்போது எதுவும் வாய்வழி வேண்டாம், அங்கிருக்கிற டாக்டரைக் கேட்காமல் ஒரு இலைகூட வேண்டாம் என்றேன். நான் கீழாநெல்லிக்கு எதிரி அல்ல. சோர்ந்து கிடக்கிற கல்லீரலுக்கு என்ன கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாத நிலையில் இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

17 செப்டம்பர், புதன்

வீட்டுக்குப் போகிற வழியில் தெரிந்த மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் நின்றேன். அவள் வாங்கின கடை இது இல்லை. இருந்தாலும் கேட்டேன், செட் எப்படிப் போடுகிறீர்கள் என்று.

“காய்ச்சல் மாத்திரை ஒண்ணு, வலி மாத்திரை ஒண்ணு, சளி மாத்திரை ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு. மூணு வேளைக்கு. அம்பது ரூவாக்குள்ள முடிஞ்சிரும்மா.”

“வலி மாத்திரையிலயும் சளி மாத்திரையிலயும் பாராசிட்டமால் இருக்குமே அண்ணா?”

“இருக்கும். ஆனா அவுங்க கேக்கறது அதான். அட்டையா குடுத்தா, ‘எதுக்கு பத்து மாத்திரை, மூணு போதும்’னு சொல்றாங்க. கம்பெனிக்கு லீவு போட்டா சம்பளம் போகுது. டாக்டர்கிட்ட போனா அரை நாள் போகுது. பல்லு டாக்டர்கிட்ட போனா காசு தனியா. நான் குடுக்கலன்னா பக்கத்துக் கடைல வாங்கிக்குவாங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. பல்வலிக்கு மாத்திரை மருந்தில்லை, பல்லைப் பார்ப்பதுதான் மருந்து. அதற்கு அரை நாள் சம்பளத்தை விட வேண்டும். ஆனால் வெட்டின அட்டையில் பேர் போய்விடுகிறது என்பது கடைக்காரர் சரிசெய்யக்கூடியது. ஒரே பொருள் மூன்று உருவில் ஒரே பொட்டலத்தில் போவதும் அவர் கையில் இருக்கிறது. அதையும் சொன்னேன். “பேப்பர்ல எழுதிக் குடுக்கறேம்மா இனிமே” என்றார். பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1998-இல் சட்டம் போட்டார்கள். மளிகைக் கடையில் ஒரு பாக்கெட்டுக்கு 16 பாராசிட்டமால், மருந்துக் கடையில் 32, அதற்கு மேல் கூடாது. அடுத்த பதினோரு வருடக் கணக்கை ஆக்ஸ்போர்டின் ஹாட்டன் குழு பார்த்தபோது, பாராசிட்டமால் சாவுகள் 43 சதவிகிதம் குறைந்திருந்தன. அட்டையின் அளவை மாற்றியதற்கே இத்தனை பலன். நம்மூரில் பிரச்சினை தலைகீழ். மூன்று மூன்றாகத்தான் விற்கிறார்கள். ஆனால் என்ன மூன்று என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

22 செப்டம்பர், திங்கள்

அவள் இன்று எங்களிடமே பரிசோதனைக்கு வந்தாள். வேலூரில் போன வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எஸ்ஜிபிடி 96. ஐஎன்ஆர் 1.1. பிலிருபின் 1.9, இறங்கிக்கொண்டிருக்கிறது. பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. அடுத்த வாரம் வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள்; டாக்டர் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். சம்பளம் போகும் என்று அவள் முகம் சுருங்கினது.

அவள் வேலை செய்கிற கம்பெனியில், சாப்பாட்டு இடைவேளையில் பெண்களிடம் பத்து நிமிடம் பேச வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை போகிறேன். பேசப்போவதை இங்கே எழுதிவைக்கிறேன், அங்கே போய் லேப் பாஷையில் இழுக்காமல் இருக்க.

செட் மாத்திரை வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பேர் தெரிகிற அட்டையாக வாங்குங்கள்; எதில் பாராசிட்டமால் இருக்கிறது என்று கடையில் கேளுங்கள்; ஒரே நேரத்தில் அதில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பக்கத்து மெஷின்காரி கொடுக்கிற மாத்திரையும் கணக்கில் சேர்த்திதான். சாப்பிடாமல் கிடக்கும்போதும், எடை குறைவாக இருந்தாலும், வீட்டில் தினமும் குடிக்கிறவருக்கும் அளவு இன்னும் குறைவு, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் வலி நிற்காவிட்டால் மூன்றாவது நாள் மாத்திரை அல்ல, டாக்டர். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், தெரியாமல் நடந்தாலும் மனசு நொந்து நடந்தாலும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வரும்போது மாத்திரை அட்டை, பேப்பர் பொட்டலம், உதிரி, எதையும் வீசாமல் அப்படியே எடுத்து வாருங்கள். முதல் நாள் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும், திரும்ப எடுக்கச் சொன்னால் திரும்ப வாருங்கள்.